ஊர்க் கல்லறையில் ஒரு கணக்கு, கடைத்தெருத் தூணில் இன்னொரு கணக்கு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தெற்கு இங்கிலாந்தில் ஒரு சிற்றூருக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் நண்பர் கேட்கிறார்: ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், பழைய குடும்பக் கல்லறைகளுக்கு நடுவே, ஒரே அளவில் ஒரே எழுத்தில் பத்துப் பதினைந்து வெள்ளைக் கற்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கின்றன. எல்லாம் படைவீரர்கள். கடைத்தெரு முனையில் போர் நினைவுத் தூண் ஒன்றும் இருக்கிறது. அதில் நிறையப் பெயர்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தால் மூன்று நான்கு பெயர்தான் இரண்டிலும் வருகிறது. இது ஏன்? இப்படிப்பட்ட ஊர்களில் நம் நாட்டுக்காரர்கள் யாராவது புதைக்கப்பட்டிருக்கிறார்களா?

நம் ஊரில் ரேஷன் கார்டும் வாக்காளர் பட்டியலும் ஒத்துப்போகாது இல்லையா, அதே கதைதான். இரண்டையும் எழுதியவர்கள் வேறு, எழுதிய நோக்கமும் வேறு. கடைத்தெருத் தூண் ஊர்க்காரர்கள் தாங்களாகப் போட்ட பட்டியல்: "எங்கள் ஊரிலிருந்து போய்த் திரும்பாதவர்கள்." கல்லறையில் இருக்கும் வெள்ளைக்கல் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் நட்டது: "இந்த மண்ணில் கிடக்கும் வீரர்." ஊரை விட்டுப் போனவர் வேறொரு நாட்டில் கிடக்கிறார். இந்த ஊரில் கிடப்பவர் பெரும்பாலும் வேறெங்கிருந்தோ வந்தவர். பெயர்கள் ஒத்துப்போனால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

போனவர்களின் உடல் ஏன் ஊர் திரும்பவில்லை? முதல் உலகப் போரின் தொடக்கத்தில் வசதியுள்ள குடும்பங்கள் சில, பிரான்சில் இறந்த தம் பிள்ளைகளின் உடலைக் கொண்டுவந்தன. 1915 ஏப்ரலில் வில்லியம் கிளாட்ஸ்டன் என்ற இளம் அதிகாரி கொல்லப்பட்டார். பிரதமராக இருந்த கிளாட்ஸ்டனின் பேரன், தானும் நாடாளுமன்ற உறுப்பினர். அவர் உடல் மன்னரின் அனுமதியோடு வேல்ஸிலுள்ள ஹவார்டனுக்கு வந்து அடக்கமானது. பெரிய வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நீதி, சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு ஒரு நீதியா என்ற கேள்வி வரத்தானே செய்யும்? அதன்பிறகு அந்த வழியை அடைத்துவிட்டார்கள். இறந்த இடத்திலேயே அடக்கம், எல்லாருக்கும். இந்த முடிவுக்குப் பின்னால் இருந்தவர் ஃபேபியன் வேர். செஞ்சிலுவைச் சங்க ஆம்புலன்ஸ் பிரிவை நடத்தப் போனவர், கண்ட கல்லறைகளையெல்லாம் குறித்துவைக்க ஆரம்பித்து, 1917 மே மாதம் அரச சாசனத்தோடு இந்த ஆணையத்தையே உருவாக்கிவிட்டார். அப்போது அதன் பெயர் இம்பீரியல் போர்க் கல்லறைகள் ஆணையம்.

சரி, அப்படியானால் உங்கள் ஊரில் கிடக்கிறவர்கள் யார்? காயத்தோடு கப்பலில் வந்து இங்குள்ள மருத்துவமனையில் இறந்தவர்கள், 1918 இன்ஃப்ளூயன்சாவில் போனவர்கள், பயிற்சி முகாமில் விபத்தில் சிக்கியவர்கள், விமானம் விழுந்து இறந்தவர்கள், கடல் கரையொதுக்கிய மாலுமிகள். பணியில் இருக்கும்போது இறந்தால் காரணம் எதுவானாலும் கணக்கில் சேரும். மிதிவண்டியிலிருந்து விழுந்திருந்தாலும் சரி. படையிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகு இறந்தவர் என்றால், அந்தச் சாவு பணியில் வந்த காயத்தாலோ நோயாலோ நேர்ந்தது என்று நிரூபணம் வேண்டும். தேதிக்கும் வரம்பு உண்டு: முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. போர் 1918-லேயே முடிந்துவிட்டதே, 1920-இல் இறந்தவருக்கு எப்படி இந்தக் கல் என்று குழம்ப வேண்டாம். வரம்புக்கு ஒரு நாள் பிந்தி, அதே நச்சுப்புகை தின்ற நுரையீரலோடு இறந்தவருக்குக் கல் கிடையாது. கறாரான விதிதான். கோடு ஒன்று எங்காவது கிழித்துத்தானே ஆகவேண்டும் என்று ஆணையம் சொல்லும்; அந்தக் குடும்பங்களுக்கு அது சமாதானமாக இருந்திருக்காது.

பிரிட்டனில் மட்டும் 3 லட்சம் பேருக்குமேல், 12,000-க்கும் அதிகமான இடங்களில், இப்படி நினைவுகூரப்படுகிறார்கள். பிரான்சில் போல வரிசை வரிசையான பெரிய மயானங்கள் இங்கே குறைவு. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு, சர்ச் வளாகத்தில் ஐந்து என்று சிதறிக் கிடப்பதே வழக்கம். வாசலில் சின்னதாகப் பச்சை நிறப் பலகை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உள்ளே ஒன்றாவது உண்டு.

இனி அந்தக் கல்லை வாசிக்கும் விதம். உயரம் 2 அடி 8 அங்குலம், அகலம் 15 அங்குலம், கனம் 3 அங்குலம். மேல் விளிம்பு மெல்லிய வளைவு, மழைநீர் தேங்காமல் வழிந்துவிடும். இங்கே பெரும்பாலும் போர்ட்லண்ட் சுண்ணாம்புக்கல். மேலே படைப்பிரிவின் சின்னம், அதன் கீழ் பணி எண், பதவி, பெயர், பிரிவு, இறந்த நாள், வயது. நடுவில் சிலுவை அல்லது அவரவர் மதக்குறி. குடும்பம் வேண்டாமென்றால் அது இருக்காது. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு, ஒரே கல். இதற்காக 1920 மே மாதம் நாடாளுமன்றத்தில் பெரிய வாக்குவாதமே நடந்தது. என் மகனுக்கு என் விருப்பப்படி சிலுவை நட எனக்கு உரிமையில்லையா என்று கேட்ட தாய்மாரின் மனுக்கள் அவைக்கு வந்தன. ஆணையத்தின் பக்கமே கடைசியில் வென்றது.

கல்லின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். புல் மறைத்திருக்கும். அங்கே குடும்பத்தார் கொடுத்த வரி ஒன்று இருக்கலாம். எழுத்துக்கும் இடைவெளிக்குமாகச் சேர்த்து 66 வரைதான் அனுமதி, எழுத்துக்கு மூன்றரை பென்ஸ் கட்டணம் என்று முதலில் வைத்தார்கள். முழு அளவும் எழுதினால் கிட்டத்தட்ட ஒரு பவுண்டு. கூலி வேலை செய்த குடும்பத்துக்கு அது லேசான தொகை இல்லை. பிறகு கட்டணம் கட்டாயமில்லை என்று தளர்த்தினார்கள். என்னைக் கேட்டால், எல்லாரும் சமம் என்று சொல்லி நட்ட கல்லில் எழுத்துக்குக் காசு கேட்டதுதான் அந்தத் திட்டத்தின் அசட்டுத்தனம். நியூசிலாந்து அரசு இதை முன்கூட்டியே உணர்ந்து, தன் வீரர்களின் கல்லில் குடும்ப வரியே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதனால் ஃபெர்ன் இலைச் சின்னம் போட்ட நியூசிலாந்துக் கல்லில் அடிப்பகுதி வெறுமையாக இருந்தால், யாரும் அழ ஆளில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

எழுத்து தேய்ந்திருந்தால் கைபேசி டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்திலிருந்து அடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து பெயர் எழுந்து வரும். மாவு தடவுவது, கம்பித் தூரிகையால் தேய்ப்பது, பிளீச்சிங் ஊற்றுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புக்கல் அதைத் தாங்காது. தேய்ந்த கல்லை மாற்ற வேண்டியது ஆணையத்தின் வேலை, சொன்னால் செய்வார்கள்.

கல்லின் தோள் இரண்டும் சதுரமாக வெட்டியிருந்தால் அது இரண்டு உலகப் போர்களுக்கும் வெளியே, பிற்காலத்தில் பணியில் இறந்த வீரருடையது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், பலரும் ஏமாறுவது இங்கேதான். அமெரிக்கக் கல் உங்கள் ஊரில் அநேகமாகத் தென்படாது. அவர்களைப் போருக்குப் பின் நாட்டுக்கு எடுத்துப்போனார்கள், அல்லது சர்ரேயில் புரூக்வுட்டிலும் கேம்பிரிட்ஜ் அருகே மேடிங்லியிலும் உள்ள மயானங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஜெர்மானியரிலும் பெரும்பான்மையோரை ஸ்டாஃபர்ட்ஷயரில் கேனக் சேஸுக்கு மாற்றிவிட்டார்கள். 1967-இல் திறந்த அந்த மயானத்தில் இப்போது ஏறத்தாழ 5,000 பேர்.

இன்னொரு குழப்பமும் உண்டு. எல்லாப் போர்க் கல்லறையிலும் வெள்ளைக்கல் இருக்காது. இங்கிலாந்திலேயே இறந்தவரைக் குடும்பம் தன் சொந்த நிலத்துண்டில், சொந்தக் கல்லோடு அடக்கம் செய்திருக்கும். அதுவும் ஆணையத்தின் பதிவேட்டில் உண்டு. இதற்கு நேரெதிராக, தாய் தந்தையின் கல்லில் கடைசி இரண்டு வரியாக "இவர்களது மகன், பிரான்சில் போரில் கொல்லப்பட்டார், 1917" என்று இருக்கும். அங்கே அந்த மகன் இல்லை. உடலே கிடைக்காமல் போன பிள்ளையின் பெயரையாவது தன் பக்கத்தில் வைத்துக்கொள்ள அந்தத் தாய் செய்த ஏற்பாடு அது. உங்கள் தூணில் இருந்து வெள்ளைக்கல்லில் இல்லாத பெயர்கள் பலவும் இந்தக் குடும்பக் கற்களின் அடியில் கிடைக்கும். நடந்துபார்த்துத் தேடுங்கள்.

இப்போது தூணுக்கு வருவோம். அரசாங்கம் இதற்குப் பணம் தரவில்லை. 1919-லிருந்து ஊருக்கு ஊர் ஒரு கமிட்டி, நன்கொடை நோட்டு, கூட்டம், சண்டை. தூண் வேண்டும் என்று ஒரு கோஷ்டி. கல்லுக்குப் போடும் காசை மருத்துவமனைக்கோ மன்றத்துக்கோ விளையாட்டுத் திடலுக்கோ போடலாம் என்று இன்னொரு கோஷ்டி. கோயில் கும்பாபிஷேகக் கமிட்டி பார்த்த நமக்கு இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யார் பெயர் சேரும் என்பதும் கமிட்டியின் முடிவுதான். இங்கே பிறந்து வேறு ஊருக்குப் போனவரா, வேறு ஊரில் பிறந்து இங்கே வேலை பார்த்தவரா, இங்கத்துப் பெண்ணைக் கட்டியவரா? ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு மாதிரி முடிவெடுத்தது. அதனால் ஒரே ஆள் பிறந்த ஊர்த் தூணிலும், மனைவியின் ஊர்த் தூணிலும், படித்த பள்ளியிலும், வேலை பார்த்த ரயில் நிலையத்திலும் இருப்பார். மகன் காணாமல்தான் போனான், இறக்கவில்லை, திரும்பி வருவான் என்று நம்பிய வீடுகள் பெயர் கொடுக்க மறுத்ததும் உண்டு. கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ பிழைக்கப்போய் அந்த நாட்டுச் சீருடையில் இறந்தவரையும் பிறந்த ஊர் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஆனால் ஊர் மருத்துவமனையில் இறந்த கனடாக்காரன் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. அவனுக்கு வெள்ளைக்கல் மட்டும்தான்.

பெயர் வரிசையையும் கவனியுங்கள். பதவி போடாமல் அகரவரிசையில் எழுதியிருந்தால், சாவில் எல்லாரும் சமம் என்று கமிட்டி நினைத்திருக்கிறது. அதிகாரிகளை மேலே வைத்திருந்தால் அந்த ஊரின் மனநிலை வேறு. அகரவரிசை தப்பிக் கடைசியில் ஒன்றிரண்டு பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? கல் செதுக்கிய பிறகு சேர்ந்தவர்கள்: காயத்தோடு ஊர் திரும்பி மெல்ல இறந்தவர், அல்லது விட்டுப்போய்ப் பிறகு குடும்பம் வந்து கேட்டவர்.

தம் படையாலேயே சுட்டுக்கொல்லப்பட்டவர்கள் விஷயத்தில் இந்த இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஓடிப்போனதற்கும் கோழைத்தனத்துக்கும் மரண தண்டனை பெற்றவர்களுக்கு ஆணையம் மற்றவர்களுக்குப் போலவே கல் நட்டது, ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் பல ஊர்த் தூண்கள் அவர்களை விட்டுவிட்டன. 2006-இல் அரசு 306 பேருக்கு மன்னிப்பு வழங்கிய பிறகுதான் சில ஊர்களில் பெயர் ஏறியது. ஆணையத்துக்கு மனசாட்சி அதிகம் என்று இதற்குப் பொருளில்லை. ஆணையத்திடம் இருந்தது விதிப்புத்தகம். ஊரிடம் இருந்தது ஊர் வாய்.

நம் நாட்டுக்காரர்கள் பற்றிக் கேட்டீர்கள். 1914 இறுதியில் பிரான்சில் போரிட்ட இந்தியப் படையின் காயம்பட்டவர்கள் இங்கிலாந்தின் தென்கரைக்குத்தான் வந்தார்கள். பிரைட்டன் அரண்மனையே மருத்துவமனை ஆனது. அங்கே இறந்த இந்துக்கள், சீக்கியர்கள் 53 பேர் ஊருக்கு வெளியே பேட்சம் மேட்டில் எரியூட்டப்பட்டார்கள். அங்கே 1921-இல் 'சத்ரி' என்ற நினைவு மண்டபம் எழுந்தது. வெள்ளைச் சலவைக்கல், எட்டுத் தூண், மேலே குவிமாடம். அழகுதான், ஆனால் அதில் ஒருவர் பெயரும் இல்லை. 53 பெயர்களும் கல்லில் ஏற 2010 ஆனது. முஸ்லிம் வீரர்களை வோக்கிங் மசூதியை அடுத்த ஹார்செல் பொதுவெளியில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறைகள் 1968-இல் புரூக்வுட் படைவீரர் மயானத்துக்கு மாற்றப்பட்டன.

ஆனால் நீங்கள் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால், நியூ ஃபாரஸ்டில் பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரின் புனித நிக்கலஸ் சர்ச்சுக்குப் போங்கள். அங்கே முதலில் இந்திய வீரர்களுக்கான லேடி ஹார்டிஞ்ச் மருத்துவமனை இருந்தது. இந்தியப் படை பிரான்சை விட்டுப் போனபின் அந்த ஊர் நியூசிலாந்து மருத்துவமனைக்கு இடம் கொடுத்தது. அதனால் சர்ச் சரிவில் நியூசிலாந்துக் கற்கள் மட்டும் 93. ஊரில் மீரட் சாலை என்று ஒரு தெருவே உண்டு, இந்தியப் படையின் மீரட் டிவிஷன் நினைவாக.

அந்தக் கல்லறைத் தோட்டத்தில் ஆணையத்தின் அச்சில் வார்க்காத ஒரு கல் இருக்கிறது. சுக்கா என்பவருடையது. பரேலிக்காரர், அந்த மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர், 1915 ஜனவரி 12-இல் 30 வயதில் இறந்தார். தீண்டத்தகாதவர் என்று இந்துக்கள் அவரைத் தங்கள் எரிமேடையில் எரிக்க மறுத்தார்கள் என்றும், முஸ்லிம் இல்லை என்பதால் வோக்கிங்கிலும் இடம் கிடைக்கவில்லை என்றும், கடைசியில் உள்ளூர் பாதிரியார்தான் சர்ச் நிலத்தில் இடம் கொடுத்தார் என்றும் அங்கே சொல்கிறார்கள். ஊர்மக்கள் காசு போட்டு வைத்த கல் அது. ஊர், வீடு, நண்பர்களை விட்டு வந்தவர் என்றும், எளிய பணியாளர் என்றும், கிறிஸ்தவர் அல்லர், ஆனாலும் பிறர் நலனுக்காக இந்த வாழ்வைக் கொடுத்தவர் என்றும் எழுதி, பைபிளின் எபேசியர் 4:6 வசனத்தோடு முடித்திருக்கிறார்கள். பரேலியில் எந்தத் தெரு என்பதுகூட இருக்கிறது. சத்ரியில் 2010 வரை பெயரில்லாத சிப்பாய்களை நினைத்துக்கொண்டு இந்தக் கல்லைப் படித்துப் பாருங்கள். சாதி கடல் தாண்டி எரிமேடை வரை வந்ததையும், பெயரும் தெருவும் விசாரித்து எழுதிய ஒரு சிற்றூரையும் அந்த ஒரு கல்லில் பார்க்கலாம்.

எல்லாருக்கும் சமமான கல் என்ற கொள்கை ஐரோப்பாவுக்கு வெளியே அப்படியே நடக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021-இல் ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது: முக்கியமாகக் கிழக்கு ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள் என்று, குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை. இந்தியாவின் கதையும் அதில் சேர்த்திதான். தமிழ்நாட்டிலும் பஞ்சாபிலும் சில கிராமங்களில் பழைய கல்வெட்டுப் பலகை ஒன்றைப் பார்க்கலாம்: "இந்தக் கிராமத்திலிருந்து பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள், 1914–1919." எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. உங்கள் ஊர்த் தூண் பெயர்ப்பட்டியலாக இருக்கும் அதே ஆண்டுகளில் நம் கிராமத்துக்குக் கிடைத்தது கூட்டல் கணக்கு.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவின் கன்டோன்மென்ட் ஊர்களில் இறந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் கல்லறைகள், உள்ளூர் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களில் புதர் மண்டிப்போயின. நிரந்தரமாகப் பராமரிக்க முடியாது என்று ஆணையம் முடிவுசெய்து, அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைச் சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர் மயானத்தில் ஒரு நினைவுச் சுவரில் பதித்தது. பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில், வண்டிச் சத்தத்துக்கு நடுவே இருக்கிறது. உங்கள் ஊர்த் தூணில் "இந்தியா" என்று இறந்த இடம் குறித்த பெயர் ஏதாவது இருந்தால், அவர் அந்தச் சுவரில் இருக்க வாய்ப்புண்டு.

தேட விரும்பினால் ஆணையத்தின் இணையதளத்தில் முதலில் கல்லறைத் தோட்டத்தின் பெயரைப் போடுங்கள், ஆள் பெயரைப் போடாதீர்கள். அந்தத் தோட்டத்தில் உள்ள எல்லாரும் ஒரே பட்டியலில் வருவார்கள். பெற்றோர் பெயர், முகவரி பல பதிவுகளில் உண்டு. படைப்பணி ஆவணம் கிடைக்கவில்லை என்றால் சலித்துக்கொள்ளாதீர்கள்: 1940 செப்டம்பரில் லண்டன் கிடங்கில் குண்டு விழுந்து, முதல் போரின் சிப்பாய் ஆவணங்களில் சுமார் 60 சதவீதம் எரிந்துபோயிற்று. அப்போது கைகொடுப்பது சர்ச்சின் அடக்கப் பதிவேடும் அந்தக் காலத்து உள்ளூர்ச் செய்தித்தாளும்தான். அப்புறம், தூணில் விரிசல் கண்டால் ஊர் கவுன்சிலிடம் போங்கள். 1923-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குச் செலவழிக்கக் கவுன்சில்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. வெள்ளைக்கல்லில் விரிசல் என்றால் ஆணையத்திடம்.

உங்கள் குடும்பத்தில் அந்தக் காலத்தில் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத தாத்தா யாராவது இருந்தால் அதே தளத்தில் பாஸ்ரா நினைவகத்தைத் தேடுங்கள். மெட்ராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படைப்பிரிவினர் பலர் மெசபொடேமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு, போனார்கள். 1929-இல் திறந்த அந்த நினைவகத்தின் சுவரில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் போட்டார்கள், சிப்பாய்களுக்குப் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கை மட்டும் போட்டார்கள். பெயர்கள் பதிவேட்டில் இருந்தன, இப்போது இணையத்தில் இருக்கின்றன. ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியவை. முனிசாமியை நான்கு விதமாக எழுதித் தேடிப் பாருங்கள்.